செம்பி வயசுக்கு வந்த புரட்டாசி: ரத்தம் வெளுத்த பிறகும் கதவைச் சாத்தியே வைக்க வேண்டும்

மொசைக் தரையில் ரத்தச் சொட்டைப் பார்த்தால் யாரும் முதலில் நாயின் பாதத்தைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். "ஏல, கால்ல கண்ணாடி கிண்ணாடி ஏறிருக்கான்னு பாரு" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்ல, செம்பியை மல்லாத்திப் போட்டு நாலு பாதத்தையும் விரலிடுக்கு விடாமல் விரித்துப் பார்த்தேன். காயம் ஒன்றுமில்லை. ஆனால் அவள் படுத்து எழுந்த இடத்திலெல்லாம் மிளகளவில் சொட்டுகள். சாக்கின் மேல் ஒன்று, நடையில் இரண்டு, பீரோவுக்கு அடியில் இழுவிய ஒரு கோடு. அவள் திரும்பித் திரும்பி வாலடியை நக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்குப் பிடிபட்டது. "வயசுக்கு வந்துட்டா போல!" பக்கத்து வீட்டு அத்தை மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அப்ப உளுந்தங்களி கிண்டிரவா?" என்றாள். கேலிக்குத்தான். ஆனாலும் மறுநாள் காலையில் வாழையிலைத் துண்டில் இரண்டு உருண்டை வந்தே விட்டது. செம்பி நக்கிப் பார்த்துவிட்டு ஒன்றைத் தின்றாள்.

செம்பி நாட்டு நாய். கார்த்திகை மழையில் ஓடைப் பாலத்தடியில் பிறந்தவள். புரட்டாசியில் அவளுக்குப் பத்து மாசம். வீட்டில் அதற்கு முன் இருந்தவை எல்லாம் கடுவன் நாய்கள்தான், ஆகையால் இது எங்களுக்குப் புதுசு. 'வயசுக்கு வந்துட்டா' என்ற அந்த ஒரு சொல்லிலிருந்தே எங்கள் கணக்கு முழுவதும் கிளம்பியது. மூணு நாள், மிஞ்சினால் அஞ்சு நாள். அதுவரை ஓரமாக இருக்கட்டும். ரத்தம் நின்றதும் குளிப்பாட்டி, பழையபடி விட்டுவிடலாம்.

இந்தக் கணக்கில் ஒன்றுகூடச் சரியில்லை. நாய்க்கு வருவது மாதவிடாயே இல்லை. இதை அறியாமல்தான் பல வீடுகளில் முதல் பருவத்திலேயே நாய் சினையாகிவிடுகிறது.

மூன்று ரத்தம்

பெண்களுக்கு வரும் ரத்தம், கரு உண்டாகவில்லை என்பதற்கான அடையாளம். கருவைத் தாங்கத் தடித்திருந்த கருப்பை உள்சுவர், தேவையில்லை என்றானதும் உதிர்ந்து வெளியேறுகிறது. அதாவது ஒரு சுழற்சி முடிந்துவிட்டது.

மாடு வளர்ப்பவர்களுக்கு வேறொரு ரத்தம் தெரியும். சினைப்பருவத்தில் பசுவுக்கு வருவது கண்ணாடி போன்ற வழும்புதான். சில பசுக்களுக்கு, குறிப்பாகக் கிடேரிகளுக்கு, பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாள் கழித்து வாலில் கொஞ்சம் ரத்தம் தெரியும். அதைப் பார்த்ததும், "நேரம் போயிருச்சு, அடுத்த இருபத்தியோரு நாள் பொறுக்கணும்" என்பார் அனுபவப்பட்டவர்.

நாயின் ரத்தம் இந்த இரண்டிலும் சேராது. அது முன்கூட்டியே வருவது. சினைப்பை விழித்துக்கொண்டு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்க, கருப்பையின் உள்சுவர் தடிக்கிறது. அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் வழியே சிவப்பணுக்கள் கசிகின்றன. எதுவும் உதிரவில்லை, எதுவும் முடியவில்லை. வரப்போகும் நாட்களுக்கு உடம்பு தயாராகிறது, அவ்வளவுதான். பெண்ணின் ரத்தம் கதை முடிந்ததைச் சொல்கிறது, பசுவின் ரத்தம் நேரம் தப்பியதைச் சொல்கிறது, நாயின் ரத்தமோ இனிமேல்தான் ஆரம்பம் என்கிறது. எனவே மனிதக் கணக்கை அப்படியே நாய்க்குப் போட்டால், மிகக் கவனமாக இருக்க வேண்டிய நாளில்தான் கதவைத் திறந்து விடுவோம். நாங்கள் அதைச் சரியாகப் பதினோராம் நாள் செய்தோம். அதற்குப் பிறகு வருகிறேன்.

எப்போது வரும்

"எத்தனை மாசத்துல வரும்?" என்று கேட்டால் ஒற்றை எண்ணில் பதில் இல்லை. 6 மாதத்திலும் வரலாம், 24 மாதம் வரையும் காத்திருக்க வைக்கலாம். பெரும்பாலும் உடம்பின் அளவுதான் தீர்மானிக்கிறது. வளர்ந்த நாயின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டிய பிறகுதான் முதல் பருவம் வருவது வழக்கம். சின்ன நாய்கள் அந்த அளவைச் சீக்கிரம் எட்டிவிடும். ஆகவே நம்மூரில் பொமரேனியன் என்று சொல்லப்படும் ஸ்பிட்ஸ், பக், டாக்ஸ்ஹண்ட் போன்றவற்றுக்கு 6 முதல் 9 மாதத்துக்குள் வந்துவிடும். லாப்ரடார் அளவு நாய்க்கு 8 மாதத்திலிருந்து ஒரு வயதைத் தாண்டியும் ஆகலாம். கிரேட் டேன் போன்ற பேருடல் நாய்களுக்கு ஒன்றரை, இரண்டு வயதுகூட ஆகும். ஒரே ஈத்தில் பிறந்த அக்கா தங்கைகளுக்குள்ளேயே மாதக்கணக்கில் வித்தியாசம் இருக்கும். 24 மாதம் கடந்தும் அசைவே இல்லை என்றால் மருத்துவரிடம் காட்டலாம். அதற்கு முன் கவலைப்பட வேண்டியதில்லை.

அசைவே தெரியாமல் வந்து போவதும் உண்டு. மாட்டுக்காரர்கள் ஊமைப் பருவம் என்பார்களே, அதேதான். ரத்தம் மிகக் குறைவாக இருக்கும், அதையும் நாயே நக்கித் துடைத்துவிடும். சினைப்பை தன் வேலையை முடித்திருக்கும், வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. இன்னொரு வகை, இரண்டு தவணையாக வருவது: ஒரு வாரம் ரத்தம் காட்டிவிட்டு நின்றுவிடும். சில வாரம் கழித்து மறுபடி தொடங்கி, அந்த இரண்டாம் தவணைதான் உண்மையான பருவமாக இருக்கும். இவை இரண்டும் முதல் பருவத்தில் சகஜம். புதுசாக ஓடத் தொடங்கிய எந்திரம் ஒன்றிரண்டு முறை இருமி இருமித்தான் சீராகும். ஒன்றரை, இரண்டு வயதுக்குள் ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு சராசரியாக 7 மாதத்துக்கு ஒரு முறை. ஐந்து மாதத்தில் திரும்பி வரும் நாயும் உண்டு, வருஷத்துக்கு ஒரே முறை வரும் பசென்ஜி போன்ற இனமும் உண்டு. பெண்களுக்கு இருப்பதுபோல் ஒரு வயதில் நின்றுபோவதெல்லாம் நாய்க்குக் கிடையாது. பதினைந்து வயசுக் கிழட்டு நாய்க்கும், இடைவெளி நீண்டாலும், வந்துகொண்டேதான் இருக்கும்.

தெருநாய்களுக்குப் பருவகாலம் என்று ஒன்று இருப்பதை ஊர்ப் பேச்சு எப்போதோ கவனித்திருக்கிறது. 'மார்கழி மாசத்து நாய்' என்று மனிதர்களைத் திட்டுவது அதிலிருந்து வந்ததுதான். புரட்டாசி என்று சொல்லும் ஊர்களும் உண்டு. மேற்கு வங்கத்தில் தெருநாய்க் கூட்டங்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளிலும், மழைக்காலக் கடைசியில் இணைசேர்வதும் குளிர்காலத்தில் குட்டி போடுவதும்தான் அதிகம். செம்பியின் கணக்கும் அதில் பொருந்துகிறது. கார்த்திகையில் பிறந்தவள் அடுத்த மழைக்கு முன் பருவத்துக்கு வந்துவிட்டாள். வீட்டுக்குள் வளரும் ஜாதி நாய்களிடம் இந்த மாசக் கணக்கு அவ்வளவாகச் செல்லாது.

ஒன்பதும் ஒன்பதும்

ரத்தம் தெரிவதற்குச் சில நாள் முன்பே சின்னச் சின்ன மாற்றங்கள் இருந்திருக்கின்றன. பிறகு யோசித்தபோதுதான் பிடிபட்டது. வழக்கமாக இரண்டு இடத்தில் மூத்திரம் போகிறவள், நடைக்குப் போனால் பத்து இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு வந்தாள். வீட்டில் பழகிய நாய் திடீரென உள்ளேயே ஒன்றிரண்டு முறை போய்விட்டால் அடிக்கக் கூடாது. அது மறதியில்லை, ஊருக்குச் சேதி எழுதுகிறது. சாப்பாட்டில் மனமில்லை. கூப்பிட்டால் வந்து மடியில் ஏறிக்கொள்வாள், இல்லையேல் கட்டிலடியில் போய்ச் சுருண்டுகொள்வாள். பெண்குறி வீங்கிப் புடைத்திருந்தது. அதை நாங்கள்தான் கவனிக்கவில்லை.

ரத்தம் தெரிந்த மூன்றாம் நாளே வாசலில் கூட்டம். எங்கள் தெரு நாய்கள் மட்டுமில்லை, மார்க்கெட் பக்கம் நான் பார்த்திருந்த காது கிழிந்த கறுப்பன்கூட வந்துவிட்டான். ஆனால் செம்பி கேட்டின் இந்தப் பக்கம் நின்று பல்லைக் காட்டி உறுமினாள். வாலை அடியில் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இது முதல் கட்டம். கடுவனுக்கு வாசனை போய்விடும், பெட்டைக்கு இன்னும் சம்மதம் இல்லை. சராசரியாக 9 நாள் இப்படிப் போகும். 3 நாளில் முடிவதும் உண்டு, 17 நாள் இழுப்பதும் உண்டு.

அடுத்த கட்டம்தான் விஷயம். ஈஸ்ட்ரோஜன் இறங்கத் தொடங்கும், கருவைத் தாங்கக் கருப்பையைத் தயாராக்கும் புரோஜெஸ்டிரோன் ஏறத் தொடங்கும். அந்தக் குறுக்குவெட்டில் நாயின் மனசே மாறிவிடுகிறது. கசிவு சிவப்பிலிருந்து வெளுத்து, அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு துளி சிவப்பு கலந்தாற்போலவோ வைக்கோல் நிறத்திலோ ஆகும். வீக்கம் கொஞ்சம் தளரும். முதுகின் பின்பகுதியில் கை வைத்தால் வாலை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு அசையாமல் நிற்கும். இந்த வால் திருப்பம்தான் உறுதியான அடையாளம். இதுவும் சராசரியாக 9 நாள், சில நாய்களுக்கு 3 வாரம்வரைகூட நீளும். சிலவற்றுக்கு இந்தக் கட்டத்திலும் சிவப்பு மாறாமலே இருக்கும், ஆகவே நிறத்தை மட்டும் நம்பியும் பயனில்லை.

இந்தக் கட்டத்தின் தொடக்கத்தில் எல்.எச். என்ற ஹார்மோன் திடீரென எகிறும். அதற்கு ஏறத்தாழ 2 நாள் கழித்துச் சினைமுட்டைகள் வெளிவரும். மற்ற பல விலங்குகளைப்போல் இல்லாமல், நாயின் முட்டை பழுக்காத காயாகவே வெளியே வருகிறது. கருத்தரிக்கும் பதத்துக்கு அது பழுக்க இன்னும் இரண்டு மூன்று நாள் வேண்டும். கடுவனின் விந்தணுவோ பெட்டையின் உடம்புக்குள் 5, 6 நாள் உயிரோடு காத்திருக்கும். ஆக, 'இன்னிக்குத்தான் சேர்ந்துச்சு, ஒண்ணும் ஆகாது' என்று சொல்லத்தக்க நாள் என்று நடுவில் எதுவுமே கிடையாது. இதனால்தான் ஒரே ஈத்தில் வெவ்வேறு அப்பன்களின் குட்டிகள் பிறக்கின்றன. ஒன்று கறுப்பு, ஒன்று செவலை, ஒன்று சடைமுடி என்று தெருக் குட்டிகளைப் பார்த்திருப்பீர்களே.

ரத்தம் தெரிந்த முதல் நாளிலிருந்து எண்ணி முழுசாக 4 வாரமாவது காவல் வேண்டும். இது ஒன்றை மனசில் வைத்தாலே போதும்.

தீட்டு செய்யும் வேலை

வீட்டுக்குள்ளேயே படுத்து எழும் நாயை, ரத்தம் வந்ததும் 'தீட்டு' என்று கொல்லைப்புறத்தில் கொண்டுபோய்க் கட்டும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு முதல் நாள் வந்தது. சாமி அறை இருக்கிறதே என்றாள் அம்மா. பெண்ணை மூன்று நாள் தனியே உட்கார வைத்ததன் நியாயத்தைப் பற்றி இங்கே நான் சண்டை போடப் போவதில்லை. ஆனால் நாய் விஷயத்தில் அது செய்யும் காரியம் கண்ணெதிரே தெரியும். மற்ற மாசமெல்லாம் வீட்டுக்குள் பத்திரமாக இருந்தவளை, வெளியே இருக்கவே கூடாத ஒரு மாசத்தில் வேலி ஓரத்தில் கட்டிப் போடுகிறோம். சங்கிலி போட்டிருக்கிறதே என்பார்கள். சங்கிலி அவளைத்தான் பிடித்து வைக்கும், வருகிறவனுக்கு வசதிதான்.

நடைமுறையில் தரை துடைப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. பழைய காட்டன் சேலையை நாலாக மடித்துப் படுக்கையில் போட்டு, தினம் துவைத்தால் தீர்ந்தது. கடையில் விற்கும் நாய் டயப்பரும் மாட்டலாம், குழந்தை டயப்பரில் வாலுக்கு ஓட்டை போட்டும் மாட்டலாம். ஆனால் நாள் முழுக்க மாட்டி வைத்தால் புண்ணாகிவிடும். டயப்பர் கருத்தடை உறை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம்பி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். குளிப்பாட்டலாமா என்று கேட்பார்கள், தாராளமாக. நடைக்குக் கூட்டிப் போகும்போது மட்டும் கயிறு கையை விட்டுப் போகக் கூடாது. நன்றாகச் சொன்ன பேச்சு கேட்கும் நாய்கூட இந்த நாட்களில் கேட்காது.

ஒரு எச்சரிக்கை, இதை நம்மூர் மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு ரத்தத் தட்டணுக்கள் குறைந்துபோகும். அந்த நேரத்தில் பருவமும் வந்தால் ரத்தப்போக்கு வழக்கத்தைவிட அதிகமாக, நிற்காமல் போகும். ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கிலும் ரத்தம் வந்தாலோ, வயிற்றுத் தோலில் ஊதாப் புள்ளிகள் தெரிந்தாலோ அதைப் பருவத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

பதினோராம் நாள்

பத்தாம் நாள் ராத்திரியே சேலைத் துணியில் கறை வெளுத்திருந்தது. பதினோராம் நாள் காலை அம்மா நடையைப் பினாயில் ஊற்றிக் கழுவினாள். "முடிஞ்சிருச்சு." பால்காரருக்குக் கேட்டைத் திறந்தாள். பத்து நாளாக உறுமிக்கொண்டிருந்தவள், பால்காரரின் இரண்டு காலுக்கும் நடுவே அம்பு மாதிரிப் போனாள்.

நான் இரண்டு தெரு தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிடித்தேன். கறுப்பனும் இன்னும் நான்கு பேரும் சுற்றி நின்றார்கள். செம்பி வாலைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நான் போய்ச் சேர இருபது நிமிஷமாவது ஆகியிருக்கும். அதற்குள் நடந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

பூட்டிக்கொண்டிருந்தால் கண்ணாலேயே பார்த்திருப்பேன். கடுவன் குறியின் அடிப்பகுதி உள்ளே போனதும் பந்துபோல் வீங்கி, இரண்டும் பிரிய முடியாமல் நின்றுவிடும். பின்பு திரும்பி, வாலோடு வால் பார்த்து நிற்கும். பத்து நிமிஷமும் ஆகும், அரை மணி நேரத்துக்கு மேலும் போகும். இந்த நிலையில் கல்லெறிவதும் வாளித் தண்ணீரை ஊற்றுவதும் கம்பால் அடித்துப் பிரிப்பதும் நம் தெருக்களில் ஒரு பொழுதுபோக்கு. இரண்டு நாய்க்கும் உள்ளுறுப்பு கிழியக்கூடும். பிரித்தால் சினை தடுக்கப்படுமா என்றால் அதுவும் இல்லை. விந்தணு நிறைந்த பகுதி முதல் சில நிமிஷத்திலேயே போய்விட்டிருக்கும், பூட்டு விழுந்த பிறகு வருவது பெரும்பாலும் திரவம்தான். வீட்டு நாயாக இருந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு, இழுத்து ஓடாமல் அமைதிப்படுத்தி நிற்பதுதான் செய்யக்கூடிய ஒரே உதவி.

தெருவில் இணைசேர்ந்தால் குட்டியைவிட எனக்குப் பெரிய பயம், பரவும் கட்டி. பெண்குறியிலிருந்து, பருவம் இல்லாத மாசங்களிலும், சொட்டுச் சொட்டாக ரத்தம் வரும். உள்ளே பூக்கோசு மாதிரி ஒரு சதை வளர்ந்திருக்கும். இது இணைசேரும்போது நாய்க்கு நாய் ஒட்டும் புற்று. கிருமி ஒட்டுவதில்லை, புற்று செல்லே ஒட்டிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன் எங்கோ வாழ்ந்த ஒரே ஒரு நாயின் உடம்பில் தோன்றிய செல்கள், அந்த நாய் செத்த பிறகும் உலகம் முழுக்க நாய் மாறி நாய் இன்னும் உயிரோடு சுற்றுகின்றன. நம்மூர்த் தெருநாய்களிடம் அது தாராளமாக உண்டு. நல்ல வேளையாக, வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி என்று சில வாரம் போட்டால் பெரும்பாலும் முழுசாகக் கரைந்துவிடும்.

தவறி இணைசேர்ந்துவிட்டால் 'ஊசி போட்டுக் கலைச்சுரலாம்' என்று யோசனை சொல்வோர் நிறைய. முற்காலத்தில் இதற்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டார்கள். அது எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும், கருப்பையில் சீழும் பிடிக்கும். 'பருவமே வராம இருக்க' என்று போடப்படும் புரோஜெஸ்டிரோன் வகை ஊசிகளுக்கும் சீழ் ஆபத்து உண்டு. குட்டி வேண்டாம் என்பது உறுதியென்றால் கருத்தடை அறுவைதான் நேர்வழி. எதுவானாலும் முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

எங்கள் மருத்துவர், "ஒரு மாசம் பொறுங்க, ஸ்கேன்ல பாத்துரலாம்" என்றார். அந்த ஒரு மாசத்தில் மெடிக்கல் கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையை வாங்கி வந்தவன் என் தம்பி. அது மனிதக் கரு சுரக்கும் ஹார்மோனைத் தேடும் அட்டை. நாய்க்கு அந்த ஹார்மோனே கிடையாது, பத்துக் குட்டி இருந்தாலும் ஒற்றைக் கோடுதான் காட்டும். ஐப்பசிக் கடைசியில் ஸ்கேன் எடுத்தோம். கருப்பை காலி.

செருப்புக்குப் பால்

கதை அங்கே முடிந்தது என்று நினைத்தோம். கார்த்திகை பாதியில் அம்மாவின் பழைய ஹவாய்ச் செருப்பில் ஒன்றைக் காணோம். கட்டிலடியில், சாக்கைப் பிறாண்டிப் பிறாண்டிக் குழியாக்கி, அதன் நடுவில் செருப்பை வைத்துச் செம்பி சுற்றிப் படுத்திருந்தாள். கை நீட்டினால் உறுமல். மடி பருத்திருந்தது. காம்பை லேசாக அழுத்தியதும் பால். "ஸ்கேன் பொய் சொல்லிருச்சு" என்றாள் அம்மா.

ஸ்கேன் பொய் சொல்லவில்லை. நாயின் உடம்பில்தான் ஒரு விசித்திரம் இருக்கிறது. பெண்ணோ பசுவோ சினையாகவில்லை என்றால் புரோஜெஸ்டிரோன் சீக்கிரம் இறங்கிவிடும். நாய்க்கு, சினையானாலும் ஆகாவிட்டாலும், அது ஏறத்தாழ 2 மாசம் உயர்ந்தே இருக்கும். அதன் கர்ப்ப காலம் 63 நாள். உள்ளே குட்டி இருக்கிறதா இல்லையா என்று ஹார்மோனுக்கே தெரியாது. கெடு முடிந்து புரோஜெஸ்டிரோன் இறங்கும்போது பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஏறுகிறது. குட்டியே இல்லாத தாய் உருவாகிவிடுகிறாள். ஓநாய்க் கூட்டத்தில் ஒரு பெட்டை ஈன்றால் மற்றவையும் குட்டிகளைப் பார்த்துக்கொள்ள இந்த ஏற்பாடு உதவியிருக்கலாம் என்று விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அது பிடித்த விளக்கம்.

இதைப் பொய்ச்சினை என்பார்கள். இது நோய் இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். செய்யக் கூடாதது, பாவம், பால் கட்டிக்கொண்டதே என்று கறந்து விடுவது. கறக்கக் கறக்கச் சுரக்கும். நக்காமல் பார்த்துக்கொண்டு, செருப்பை நடைக்குப் போன நேரத்தில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, நடையைக் கொஞ்சம் கூட்டினோம். மடி கல்லாகிச் சூடேறினால் மருத்துவர் வேண்டும்.

ஆனால் இதே இரண்டு மாசப் புரோஜெஸ்டிரோனுக்கு ஒரு கொடிய முகமும் உண்டு. அது கருப்பைச் சுவரைத் தடிக்க வைத்து, கருப்பை சுருங்கி அழுக்கைத் தள்ளும் சக்தியையும் அங்குள்ள எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கிறது. பருவத்தில் வாய் திறந்திருந்த கருப்பைக்குள் ஏறிவிட்ட கிருமிக்கு அது சொகுசான இடம். பருவம் முடிந்த 2 முதல் 8 வாரத்துக்குள் நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி மூத்திரம் போய், சோறு மறுத்து, வாந்தி எடுத்தால், பயோமெட்ரா என்ற கருப்பைச் சீழாக இருக்கலாம். நாற்றமடிக்கும் கசிவு வந்தால் கண்டுபிடிப்பது சுலபம். கருப்பை வாய் மூடிக்கொண்டால் கசிவே இருக்காது, அதுதான் இன்னும் ஆபத்து. நடு வயது தாண்டிய நாய்களுக்குத்தான் அதிகம், ஆனாலும் இளசுகளை விட்டுவைப்பதில்லை. காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் நோயில்லை. ஸ்வீடனில் கருத்தடை செய்யாத நாய்களின் இன்சூரன்ஸ் கணக்கில், 10 வயதுக்குள் ஏறத்தாழ நாலில் ஒரு நாய்க்கு இது வந்திருக்கிறது.

முதல் பருவத்துக்கு முன்பா, பின்பா

எப்போது கருத்தடை செய்வது என்று கேட்டால் எல்லாரும் சொல்வது 1969இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வின் மூன்று எண்கள்: முதல் பருவத்துக்கு முன் செய்தால் 0.5, ஒரு பருவத்துக்குப் பின் 8, இரண்டு அல்லது அதற்கு மேல் ஆனபின் 26 சதவீதம். மடியில் புற்று வரும் வாய்ப்பு இது என்று எடுத்துக்கொண்டு, ஒரு பருவம் தவறிவிட்டாலே நூற்றில் எட்டு நாய்க்குப் புற்று என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்த எண்களுக்கு அர்த்தம் அதுவல்ல. கருத்தடையே செய்யாத நாயின் ஆபத்தை 100 என்று வைத்தால், அதில் எத்தனை பங்கு என்பதுதான். 2012இல் இங்கிலாந்தில் இந்த வகை ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்தவர்கள், ஆதாரம் அவ்வளவு வலுவானதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். பலன் உண்டு என்று பெரும்பாலான மருத்துவர்கள் இன்றும் நினைக்கிறார்கள். அந்தத் துல்லியத்தைத்தான் நம்ப முடியாது.

மறுபக்கம், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2013இல் கோல்டன் ரிட்ரீவர்களில் தொடங்கி 2020இல் 35 இனங்கள் வரை பார்த்தார்கள். ஒரு வயதுக்கு முன்பே கருத்தடை செய்த பெரிய நாய்கள் பலவற்றில் மூட்டுக் கோளாறு கூடியது, சின்ன நாய்களில் அப்படிக் கூடவில்லை. சில பெட்டைகளுக்கு அறுவைக்குப் பின் படுத்த இடத்தில் மூத்திரம் கசியும் தொல்லையும் வரலாம். ஆக, பொமரேனியனுக்கு முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிடலாம் என்றும், லாப்ரடாருக்குக் கொஞ்சம் பொறுக்கலாம் என்றும் ஒரே மருத்துவர் சொன்னால் அவர் குழம்பவில்லை. தெருவிலேயே வாழும் நாய்க்கு இந்த வாதமே வேண்டியதில்லை. கிடைத்த நாளில் செய்துவிட வேண்டியதுதான்.

'ஒரு ஈத்தாவது போட்டாத்தான் அதுக்கு உடம்பு நல்லாருக்கும்' என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. முதல் பருவத்திலேயே இணைசேர்க்கக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தன் உடம்பே வளர்ந்து முடியாத நாய் அது. 2017இன் மத்திய அரசு நாய் இனப்பெருக்க விதிகளும் பெட்டைக்கு 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்கின்றன.

பருவம் ஓடும்போதே அறுவை செய்வதை மருத்துவர்கள் விரும்புவதில்லை, ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும். பால் சுரக்கும்போது செய்தால் பொய்ச்சினை அடங்காமல் நீடிக்கலாம். அதனால் பருவம் முடிந்து 2, 3 மாதம் தள்ளி, மடி வற்றிய பிறகு செய்வார்கள். செம்பிக்குப் பொங்கல் கழிந்து தேதி கொடுத்தார்கள்.

அன்று காலை மருத்துவர் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டார். பருவம் எப்போது வந்தது என்று நான் யோசிப்பதற்குள் அவரே பின்னட்டையைத் திருப்பிவிட்டார். அங்கே அம்மாவின் கையெழுத்தில் மூன்று வரி, ஒவ்வொன்றுக்கும் நேரே தேதி. சிவப்பு. வெளுப்பு. செருப்பு.

"மொத ரெண்டும் புரியுது" என்றார் மருத்துவர். "இது என்னங்க செருப்பு?"